நெய்க்குடமும் பட்டினக் காவலும்: ஒலியால் நலம் பெறுதல் பற்றி ஒரு சிந்தனை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அவதாரிகை

ஒலியைக் கொண்டு உடலையும் மனத்தையும் இளைப்பாறச் செய்யும் பயிற்சி இப்பொழுது எங்கும் பேசப்படுகிறது. உலோகக் கிண்ணங்களை மரக்கோலால் மெல்லத் தட்டி, அந்த நாதம் தேய்ந்து மறையும் வரை கண்மூடிப் படுத்திருப்பது ஒரு முறை. தம்பூராச் சுருதியோடு ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பாடுவது மற்றொரு முறை. ‘ஸவுண்ட் ஹீலிங்’ என்று இதற்குப் பெயர். இதனைக் கேள்வியுற்ற அன்பர்கள், நாம் நாள்தோறும் செய்துவரும் திவ்யப்ரபந்த அநுஸந்தானத்தையும் இதனோடு ஒப்பிட்டு, அடியோங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு.

முதற்கேள்வி: “இரத்த அழுத்தம் தணியட்டும், இரவில் உறக்கம் வரட்டும் என்று எண்ணித் திருப்பல்லாண்டு சேவிக்கிறோம். இது ஆழ்வார் திருவுள்ளத்துக்கு ஒக்குமா, அல்லது அபசாரமா?”

இரண்டாங்கேள்வி: “பாசுரம் நோயைத் தீர்க்கும் என்கிறார்கள். சேவித்தும் தீராவிட்டால் என்ன பொருள்? எங்கள் விசுவாசத்தில் குறையா?”

முதற்கேள்வி கூச்சத்திலே பிறந்தது. இரண்டாவது வேதனையிலே பிறந்தது. இவ்விரண்டிற்கும் விடை தேட மதுரையையும் அதனைச் சூழ்ந்த திவ்யதேசங்களையும் விட்டு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

யானைமணியே தாளமாக

மதுரையில் ஒலித்த ஒலிகளுள் நம் ஸம்ப்ரதாயத்தார்க்குத் தலையாயது திருப்பல்லாண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலே நந்தவன கைங்கர்யம் செய்துகொண்டிருந்த விஷ்ணுசித்தர், வல்லபதேவ பாண்டியனின் சபைக்கு எழுந்தருளிப் பரத்வ நிர்ணயம் செய்தார். பொற்கிழி தானே தாழ்ந்து அவர் கைக்கு எட்டிற்று. மகிழ்ந்த மன்னன் அவரைப் பட்டத்து யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். அப்பொழுது எம்பெருமான் பிராட்டியோடு கருடன்மேல் வானத்திலே காட்சி தந்தருளினான். இது குருபரம்பரை கூறும் வரலாறு. கூடலழகர் எழுந்தருளியிருக்கும் இத்தலமே அந்நிகழ்ச்சிக்கு உரியது என்று பெரியோர் பணிப்பர்.

அந்நிலையில் ஆழ்வார் செய்தது என்ன? ‘எனக்கு இன்னது தா’ என்று கேட்கவில்லை. காலத்துக்கு உட்பட்ட இந்நிலத்திலே இவ்வழகு எல்லார் கண்ணிலும் படுகிறதே, இதற்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சினார். யானையின் மணிகளையே தாளமாகக் கைக்கொண்டு, எம்பெருமானுக்குப் பல்லாண்டு பாடினார். காக்கின்றவனைக் காக்கப் பாடிய பாட்டு இது. நாத சிகிச்சையில் படுத்திருப்பவர் தம் நலத்தை நோக்கி ஒலியைக் கேட்கிறார். ஆழ்வாரோ தம் நலத்தை மறந்து ஒலியை எழுப்புகிறார். இவ்வேறுபாட்டை முதலிலே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

மூவகையார்க்கும் ஒரே கோஷ்டி

அப்படியாயின், தம் நலம் கருதி வருபவர்க்குப் பல்லாண்டு கோஷ்டியில் இடமில்லையா? இதற்கு விடை அப்பிரபந்தத்தின் அமைப்பிலேயே உள்ளது. பன்னிரண்டு பாசுரங்களுள் முதலிரண்டில் ஆழ்வார் தாமே மங்களாசாஸனம் செய்கிறார். அதன் பின்னர்த் துணை தேடி மூவகையாரை அழைக்கிறார் என்று பெரியவாச்சான்பிள்ளை முதலிய ஆசார்யர்கள் வகுத்துக் காட்டியுள்ளனர். மூன்றாம் பாசுரத்தில் எம்பெருமானையே பேறாக விரும்புவோர் அழைக்கப்படுகின்றனர். நான்காவதில் ஆத்மாநுபவமாகிய கைவல்யத்தை விரும்புவோரும், ஐந்தாவதில் செல்வத்தை விரும்புவோரும் அழைக்கப்படுகின்றனர். ஆறு, ஏழு, எட்டில் அம்மூவரும் முறையே வந்து சேருகின்றனர். ஒன்பது, பத்து, பதினொன்றில் அவர்களே பல்லாண்டு பாடுகின்றனர்.

இங்கே எட்டாம் பாசுரத்தை நாம் நின்று நோக்க வேண்டும். செல்வம் விரும்பி வந்தவன், தான் பெற்றவற்றை நன்றியோடு எண்ணிச் சொல்லும் பாசுரம் அது. நெய் கலந்த நல்ல சோறு, வெற்றிலை பாக்கு, கழுத்துக்கும் காதுக்கும் அணிகலன், உடம்பிலே பூசச் சந்தனம் எனப் பட்டியல் நீளுகிறது. அத்தனையும் உடற்சுகமே! ஆழ்வார் அவற்றைப் பழிக்கவில்லை. ‘இவற்றைக் கேட்டு வந்தவன் வெளியே நிற்க’ என்று கதவடைக்கவுமில்லை. தந்தவன் யார் என்று உணர்ந்தவுடன் அவன் உள்ளம் தெளிந்து, அவனும் பல்லாண்டு பாடுபவனாகிறான்.

ஆகவே உடல்நலம் வேண்டித் திருப்பல்லாண்டு சேவிக்கத் தொடங்குபவரை ‘ப்ரயோஜனாந்தரபரர்’ என்று ஒதுக்குவது ஆழ்வார் வழியன்று. அவரும் அழைக்கப்பட்டவரே. அழைப்பு அவரை அங்கேயே நிறுத்திவிடாது என்பது மட்டுமே வேறுபாடு. அடியோங்கள் வங்கிக் கணக்கோடு நெடுங்காலம் பழகியவர்கள். அம்மொழியிலே சொன்னால், மங்களாசாஸனம் முதல், உடல்நலம் வட்டி. வட்டி வருவதில் குற்றமில்லை. வட்டி வரவில்லை என்று முதலையே எடுத்துவிடுவதுதான் பேதைமை.

நோய்களோடு பேசிய ஆழ்வார்

பெரியாழ்வார் திருமொழியின் ஐந்தாம் பத்தில் இரண்டாம் திருமொழி ‘நெய்க்குடத்தை’ என்று தொடங்குவது. உடம்பு நோவுற்ற காலத்தில் நம் இல்லங்களில் இதனைச் சேவிக்கும் வழக்கம் உண்டு. நம் மரபில் நோயையும் ஒலியையும் நேரே சேர்த்துப் பேசுவதற்கு உரிய பதிகம் இதுவே. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய உரையின் பெரும்பகுதி மறைந்துபோக, மணவாளமாமுனிகள் அக்குறையைத் தம் உரையால் நிறைத்தருளினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

நெய்க்குடத்தைப் பற்றி ஏறும் எறும்புகளைப் போல உடம்பெங்கும் பரந்து குடியேறியிருக்கும் நோய்களை ஆழ்வார் விளித்துப் பேசுகிறார். உடம்பு ஒரு பட்டினம். முன்பு அது காவலற்றுக் கிடந்தது. இப்பொழுதோ வேதங்களுக்குத் தலைவனானவன் தன் படுக்கையோடே வந்து உள்ளே பள்ளிகொண்டுவிட்டான். ஆகவே, ‘பிழைக்க விரும்பினால் ஓடிப் போங்கள், இது பழைய பட்டினம் அன்று’ என்று எச்சரிக்கிறார்.

இப்பதிகத்தில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, இரண்டாம் பாசுரத்தின் உவமை. சித்திரகுப்தன் எழுதி, யமன் முத்திரை இட்ட ஓலை மாற்றப்பட்டு, தூதுவர் ஓடி ஒளிந்தனர் என்கிறார். பத்திரமும் முத்திரையும் பார்த்தே வாழ்நாளைக் கழித்த எங்களைப் போன்றோர்க்கு இதன் சுவை நன்றாகவே விளங்கும். முத்திரையிட்ட பத்திரம் தானே ரத்தாகாது. அதிகாரமுள்ளவன் ஒருவன் தலையிட வேண்டும். பாசுரத்தின் ஓசை நோயை விரட்டிற்று என்று ஆழ்வார் சொல்லவில்லை. உள்ளே புகுந்தவனின் காவலே விரட்டிற்று என்கிறார். ஒலி காவலாளியின் வருகையை அறிவிக்கும் முரசமேயன்றிக் காவலாளி அன்று.

இரண்டாவது, ஆழ்வாரின் மென்மை. இவ்வுடம்பு நரசிங்கப்பெருமான் சேரும் திருக்கோயில் என்று நோய்களுக்கு அறிவித்தபின், அவற்றை ‘அழிந்து போக’ என்று சபிக்கவில்லை. இழிவு நேராதபடி தப்பிப் பிழைத்துப் போய்விடுமாறு சொல்கிறார்! தம்மை வருத்திய நோய்க்கும் தப்பிக்க வழி காட்டும் உள்ளம் இது. நோயோடு பகை வளர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்பவர்கள், அப்பகையினாலேயே மேலும் தளர்வதைக் காண்கிறோம். ‘இது கோயில், நீ இங்கே இருக்கலாகாது, போய் வா’ என்று சொல்லப் பழகும் மனத்துக்கு ஓர் ஆறுதல் பிறக்கிறது.

மூன்றாவது, பதிகத்தின் முடிவு. பாம்பணையோடும் பாற்கடலோடும் பிராட்டியோடும் எம்பெருமான் தம்முள் வந்து புகுந்ததைப் பத்தாம் பாசுரத்தில் பேசி, அப்பட்டினத்தின் காவலுக்காகவே விட்டுசித்தன் அவனைப் பரவுகிறான் என்று முடிக்கிறார். ‘இதைக் கற்றவர்க்கு இன்ன நோய் தீரும்’ என்று பலச்ருதி விரிக்கவில்லை. நோயை முன்னிறுத்திப் பாடிய பதிகத்திலேயே அவ்வாக்குறுதி இல்லாமை நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

தோழி சொன்ன மருந்து

நம்மாழ்வாரும் திருவாய்மொழி நான்காம் பத்து ஆறாம் பதிகத்தில் நோயையும் அதற்குச் செய்யும் பரிகாரத்தையும் பேசுகிறார். பராங்குசநாயகியின் மெலிவைக் கண்ட தாய்மார், சிறுதெய்வம் ஏறியதாக எண்ணிக் கள்ளும் இறைச்சியும் படைத்து வெறியாட்டு நிகழ்த்த முற்படுகின்றனர். தோழி குறுக்கிட்டு, நோய் இன்னது என்று அறியாமல் செய்யும் பரிகாரம் வீண் என்கிறாள். பாகவதர்களின் திருவடித் துகளையும் எம்பெருமானைப் போற்றுதலையுமே மருந்தாகக் காட்டுகிறாள். ஏத்தினால் இவள் எழுந்து தொழுது ஆடுவாள் என்றும் உறுதி கூறுகிறாள்.

இங்கிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் எளியது: நோய்முதல் நாடாமல் மருந்து தேடாதே. பராங்குசநாயகியின் நோய் பிரிவாற்றாமை. அதற்குத் திருநாமமே மருந்து. நம் நோய் சர்க்கரையோ இருதய அடைப்போ ஆனால், அதன் காரணத்தை அறிந்தவர் மருத்துவரே.

ஒலி உடம்பில் செய்வது என்ன

உடம்பளவில் ஒலி செய்யும் நன்மையையும் நடுநிலையோடு பார்ப்போம். நன்கு அறியப்பட்ட வழி மூச்சு. நீட்டிச் சொல்லும்போது வெளிமூச்சு நீளுகிறது. மூச்சு நிதானமாகும்போது இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரு தாளத்துக்கு வருகின்றன. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டியும் அவர் குழுவினரும் 23 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. கிறிஸ்தவர் சொல்லும் ஜெபமாலையை இலத்தீன் மொழியில் சொன்னபோதும், பௌத்தர் சொல்லும் ஒரு மந்திரத்தைச் சொன்னபோதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்குத் தணிந்தது. இருதய இரத்தவோட்டத்தின் இயல்பான தாளங்களும் அதனோடு இசைந்தன.

அவ்வாய்வு திருப்பல்லாண்டைப் பற்றியது அன்று. ஆயினும் அடியோங்கள் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு சேவித்துப் பார்த்ததில், பாசுரத்தின் ஓரடியை நிதானமாகச் சேவித்து மூச்செடுக்க ஏறக்குறைய பத்து நொடி ஆகிறது. நிமிடத்துக்கு 6 என்னும் அளவு அதுவே. நம் முன்னோர் இக்கணக்கை நோக்கிச் செய்தனர் என்று பெருமை பேச வேண்டா. அடிதோறும் நிறுத்தி நிதானமாகச் சேவிக்கும் முறையில் அது தானே அமைந்துவிடுகிறது.

மற்றொன்று மூக்கொலி. ‘ம்ம்’ என்று ரீங்கரித்து மூச்சுவிடும்போது, மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்ஸைடு வாயு, அமைதியாக மூச்சுவிடும்போது வருவதைவிடச் சுமார் 15 மடங்கு மிகுந்திருப்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டனர். மூக்கை ஒட்டிய எலும்பறைகளில் காற்று நன்கு சென்று வருவதை இது காட்டுகிறது. தமிழ் இலக்கணத்தார் ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய மூக்கொலி எழுத்துகளுக்கு ‘மெல்லினம்’ என்று பெயரிட்டிருப்பது நினைக்க இனியது.

இசை கேட்பதைப் பற்றியும் ஒரு செய்தி. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிகள் இசை கேட்டால் பதற்றம் தணியுமா என்று 26 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு 2013இல் வெளிவந்தது. அவற்றில் பங்கேற்றவர் 2,051 பேர். இசை பதற்றத்தைக் குறைக்க உதவக்கூடும் என்பதே அதன் முடிவு. பதற்றம் தணிவது பெரிய நன்மை. ஆயினும் இவற்றுள் எதுவும் ‘ஒலியால் நோயின் வேர் அறும்’ என்று சொல்லவில்லை. சான்று எவ்வளவோ, அவ்வளவே நம் பேச்சும் இருத்தல் வேண்டும்.

அழகர்மலையில் கண்ணிழந்தவர் பாடிய தோத்திரம்

இனி இரண்டாங்கேள்வி. சேவித்தும் நோய் தீராவிட்டால் விசுவாசக் குறைவா? ‘நெய்க்குடத்தை’க்கு அடுத்த திருமொழியிலேயே பெரியாழ்வார் நம்மைத் திருமாலிருஞ்சோலைக்கு அழைத்துச் செல்கிறார். மதுரைக்கு வடக்கே, சமவெளி முடிந்து குன்று எழும் அத்திருமலையிலேயே இக்கேள்விக்கும் விடை இருக்கிறது.

சோழ மன்னனால் நேர்ந்த இடரில் எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருள, அவருக்குப் பதிலாக அரசவைக்குச் சென்ற கூரத்தாழ்வான் தம் இரு கண்களையும் இழந்தார். பின்னர் அவர் திருமாலிருஞ்சோலையில் வந்து தங்கினார் என்று குருபரம்பரை கூறும். அழகர் என்றே பெயர் பெற்ற எம்பெருமானின் ஸந்நிதி. அவ்வழகைக் காணக் கண்ணில்லாத அடியவர். அந்நிலையில் பிறந்ததே ‘ஸுந்தரபாஹுஸ்தவம்’. அழகரின் திருத்தோள்களைப் பாடி முடிக்குமிடத்தில் அவர் தமக்குக் கண் கேட்கவில்லை. எம்பெருமானார் திருவரங்கத்துக்கு மீண்டு எழுந்தருள வேண்டும், கோயில் பழைய சீரைப் பெற வேண்டும், அடியார்களோடு தாமும் அங்கே வாழ வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். பின்னாளில் எம்பெருமானார் நியமனத்தால் காஞ்சியில் பேரருளாளனைத் துதித்தபோதும், எம்பெருமானையும் ஆசார்யனையும் காணும் கண்ணே வேண்டினார். உலகைக் காணும் கண்ணை வேண்டவில்லை என்பர்.

ஆழ்வானைவிட விசுவாசம் மிக்கவர் யார்? பாசுரமும் ஸ்தோத்ரமும் அவரைவிட நன்கு அறிந்தவர் யார்? ஒலி மட்டுமே உடற்குறையைத் தீர்ப்பதாயின், திருமாலிருஞ்சோலையிலேயே அவர் கண் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஆயினும் அங்கே அவர் உடைந்தவராக இல்லை. பிறர் வாழ்வுக்காகப் பாடுபவராக இருந்தார். யானைமேல் இருந்து பெரியாழ்வார் பாடிய பல்லாண்டின் மறுவடிவமே இது.

ஆகவே, படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் பார்த்து, ‘நம்பிக்கையோடு சேவித்திருந்தால் தீர்ந்திருக்குமே’ என்று எவரேனும் சொல்வாராயின், அவர் ஆழ்வானின் வரலாற்றை அறியாதவர். நோயாளிக்கு நோயோடு குற்றவுணர்வையும் சுமத்துவது பாகவதாபசாரம். நோய் தீராதவர் எவரும் அதனைத் தம் பக்தியின் தோல்வி என்று எண்ண வேண்டா.

அநுஷ்டிக்கும் முறை

மென்மையாகத் தொடங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்:

1. விடியற்பொழுது உகந்தது. தரையில் அமர முழங்கால் இடம் தராதவர் நாற்காலியில் நிமிர்ந்து அமரலாம்.

2. ஓரடிக்கு ஒரு மூச்சு. மூச்சிரைப்பு உள்ளவர்கள் அரையடிக்கு ஒரு முறை மூச்செடுக்கட்டும். மூச்சை அடக்கிப் பிடிக்கலாகாது. தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துக.

3. பேசும் குரலிலேயே சேவித்தல் போதும். சந்தை முறையில் ஆசார்யர் ஒரு முறை சொல்ல, நாம் இரு முறை சொல்வது மிகவும் நன்று. சொல்லும் நேரத்தில் பாதியளவு கேட்கும் நேரமும் அதில் அமைகிறது.

4. கேட்பதும் அநுஸந்தானமே. நாதமுனிகள் பல தாளங்களை ஒரே வேளையில் ஒலிக்கச் செய்து, ஒவ்வொன்றின் எடையையும் ஓசையாலேயே சொல்லியருளினார் என்பது வரலாறு. பிரபந்தத்துக்குப் பண்ணும் தாளமும் வகுத்தளித்த அப்பெரியவரின் செவி அத்தகையது. எழ முடியாத நோயாளிக்கு அருகில் அமர்ந்து ஒருவர் மெல்லச் சேவித்தால், அதுவே பெரிய கைங்கர்யம்.

5. ஒலிபெருக்கியைத் தணித்து வைத்தல் வேண்டும். 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை. கல்மண்டபத்தில் பேரொலி எதிரொலித்து மேலும் பெருகும்.

6. மருந்தை நிறுத்தலாகாது. இரத்த அழுத்த மாத்திரையையோ இன்சுலினையோ ‘சேவிக்கத் தொடங்கிவிட்டோம்’ என்று எவரும் தாமே குறைக்க வேண்டா. நெஞ்சுவலி வந்தால் முதலில் மருத்துவமனை. பாசுரம் போகும் வழியிலும் நாவில் இருக்கலாம். திருமோகூரில் காளமேகமாக நிற்கும் எம்பெருமானை நம்மாழ்வார் வழித்துணையாகவே கண்டார்.

நிகமனம்

உடல்நலம் விரும்பித் திருப்பல்லாண்டைத் தொடலாம். ஆழ்வார் அழைத்தவர்களுள் அத்தகையோரும் உளர். தொடர்ந்து சேவிக்கச் சேவிக்க, ‘எனக்கு என்ன கிடைத்தது’ என்ற கேள்வி தளர்ந்து, ‘அவன் வாழ்க, அவன் அடியார் வாழ்க’ என்ற எண்ணம் தலையெடுக்கும். நோய் நீங்கினால் நன்றியோடு பாடுவோம். நீங்காவிடினும் ஆழ்வான் பாடியது போலப் பிறர்க்காகப் பாடுவோம். இரு நிலையிலும் பட்டினத்தின் காவலன் உள்ளேயே பள்ளிகொண்டிருக்கிறான்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.